அறியாமல் எடுத்த மெட்டு

பிறர் பொருளை அறிந்து எடுப்பது களவு. இதைச் சிறு பிள்ளையும் அறியும். ஆனால் பிறர் பொருளைப் பிறருடையது என்று அறியாமலே எடுத்து, தன்னுடையது என்று மனமார நம்பி, ஊரறிய உலகறியப் பயன்படுத்திவிட்ட ஒருவனை என்னென்று சொல்வது? அவன் கள்வனா? கள்வன் அல்லன் என்றால், எடுத்த பொருள் அவனுக்கே சொந்தமாகிவிடுமா?

இவ்வினா அறநூல் ஆசிரியர்கள் பொழுதுபோக்கிற்காக எழுப்பிய வினா அன்று. இருபதாம் நூற்றாண்டில் நியூயார்க் நகரத்து நீதிமன்றம் ஒன்றில் உண்மையாகவே எழுந்து, ஆண்டுக்கணக்கில் வாதிக்கப்பட்டுத் தீர்ப்பும் பெற்ற வினா. வழக்கிற்குக் காரணமாயிருந்ததோ காணியுமன்று, பொன்னுமன்று, ஒரு பாட்டு. அதுவும் ஆண்டவரைக் காண ஏங்கும் ஒரு பாட்டு! அதைப் பாடியவர் ஜார்ஜ் ஹாரிசன். ‘மை ஸ்வீட் லார்ட்’, அதாவது ‘என் இனிய ஆண்டவர்’, என்பது பாட்டின் பெயர். இசையில் நாட்டமில்லாதவர்களும் இக்கதையை அறிந்திருப்பது நலம். ஏனெனில் நம் ஒவ்வொருவர் மனச்சான்றையும் தொடும் ஒரு பாடம் இதனுள் அடங்கியிருக்கிறது.

லிவர்பூல் நகரத்துக் கடைக்குட்டி

ஜார்ஜ் ஹாரிசன் 1943ஆம் ஆண்டு பெப்ருவரி 25ஆம் நாள் இங்கிலாந்தின் துறைமுக நகரான லிவர்பூலில் பிறந்தார். தந்தை ஹரால்ட் பேருந்துத் தொழிலாளி. தாய் லூயிஸ் அயர்லாந்து வழிவந்த கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். நான்கு மக்களில் ஜார்ஜ் கடைக்குட்டி. எளிய இல்லம், சிறிய வீடு. தாயின் மறைப்படி பிள்ளைக்கு ஞானஸ்நானமும் அளிக்கப்பட்டது. ஆனால் சிறுவயதிலேயே அவருக்குக் கோயில் மீதிருந்த பற்று தளர்ந்துவிட்டது. கிட்டார் என்னும் நரம்புக் கருவியே அவர் நெஞ்சை நிறைத்தது.

பள்ளிப் பருவத்திலேயே ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி என்னும் இரு இளைஞரோடு அவர் சேர்ந்தார். பின்னர் 1962இல் ரிங்கோ ஸ்டார் வந்து இணைந்தார். இந்நால்வர் கூட்டமே ‘பீட்டில்ஸ்’ என்னும் பெயரால் ‘ராக்’ இசை உலகை ஆண்டது. ஆயினும் அக்கூட்டத்தின் பாடல்களில் மிகப் பலவற்றை லெனனும் மெக்கார்ட்னியுமே இயற்றினர். ஓர் இசைத்தட்டில் ஹாரிசனுக்குக் கிடைத்த இடம் பெரும்பாலும் ஒரு பாட்டு, மிஞ்சினால் இரண்டு. எழுதிய பாட்டுகள் வெளிவர வழியின்றி அவரிடம் குவிந்துகொண்டே இருந்தன.

செல்வமும் புகழும் வெள்ளமெனப் பாய்ந்த அந்நாள்களில் அவர் உள்ளத்தில் ஒரு வெறுமை தோன்றிற்று. ‘வாழ்வு இவ்வளவுதானா?’ என்னும் வினா அவரை அலைத்தது. 1966இல் அவர் இந்தியா வந்து பண்டிட் ரவிசங்கரிடம் சிதார் பயின்றார். 1968இல் நண்பர்களோடு ரிஷிகேசம் சென்று தங்கித் தியானம் பழகினார். தாயின் மடியில் அறிந்த மறையை விட்டு விலகிய அந்த இளைஞர், இறைவனைத் தேடும் வேட்கையை மட்டும் விடவில்லை. அவ்வேட்கையிலிருந்து பிறந்ததே நாம் பேசும் பாட்டு.

பாட்டு பிறந்த வகை

1969ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். ஹாரிசன் வேறோர் இசைக்குழுவினரோடு ஐரோப்பாவில் பயணம் செய்துகொண்டிருந்தார். டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் பத்திரிகையாளர் கூட்டம் ஒன்று நடந்தது. அதிலிருந்து நழுவித் தனியே சென்ற அவர், கிட்டாரை மீட்டி, எழுந்த நாதத்தோடு ‘அல்லேலூயா’ என்னும் சொல்லையும், ‘ஹரே கிருஷ்ணா’ என்னும் சொற்களையும் பலவாறு பொருத்திப் பார்த்தார். இவ்விவரங்கள் பின்னர் நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாயின. அப்போது அவரோடிருந்தவர்களுள் ஒருவர் பில்லி பிரெஸ்டன். அமெரிக்கக் கறுப்பினக் கிறிஸ்தவர்களின் கோயிற்பாட்டு மரபில் வளர்ந்த இசைக்கலைஞர்.

அம்மரபின் பாட்டு ஒன்று அவ்வாண்டு உலகெங்கும் ஒலித்துக்கொண்டிருந்தது. எட்வின் ஹாக்கின்ஸ் குழுவினர் பாடிய ‘ஓ ஹாப்பி டே’ என்பது அது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிலிப் டாட்ரிட்ஜ் என்னும் ஆங்கிலப் போதகர் எழுதிய ஞானப்பாட்டை அவர்கள் புது உருவில் பாடியிருந்தனர். அப்பாட்டே தமக்கு ஊக்கமளித்தது என்று ஹாரிசன் 1980இல் வெளியிட்ட தம் நூலில் கூறியுள்ளார்.

அவர் தம் பாட்டை முதலில் பில்லி பிரெஸ்டனுக்கே கொடுத்தார். பிரெஸ்டன் பாடிய தட்டு 1970 செப்டம்பரில் வெளிவந்தது, பெரிதாகப் பேசப்படவில்லை. இதற்குள் அவ்வாண்டு ஏப்ரலில் பீட்டில்ஸ் நால்வரின் பிரிவு உலகுக்குத் தெரிந்துவிட்டது. தேங்கிக் கிடந்த தம் பாடல்களையெல்லாம் திரட்டி, ‘எல்லாம் கடந்துபோகும்’ என்னும் பொருள்படும் தலைப்பில், மூன்று தட்டுகள் கொண்ட தொகுப்பை ஹாரிசன் உருவாக்கத் தொடங்கினார். பதிவு வேலை நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1970 ஜூலையில், அவர் தாய் லூயிஸ் நோயுற்றுக் காலமானார். தாயின் பிரிவுத் துயரும், நண்பர்களின் பிரிவும், இறைவனைக் காணும் ஏக்கமும் ஒருங்கே சூழ்ந்திருந்த நாள்கள் அவை.

நவம்பரில் தொகுப்பு வெளிவந்தது. அதிலிருந்து ‘மை ஸ்வீட் லார்ட்’ மட்டும், பக்கத்திற்கு ஒரு பாட்டாக வரும் சிறிய இசைத்தட்டாக அமெரிக்காவில் தனியே விற்பனைக்கு வந்தது. டிசம்பர் 26ஆம் நாள், கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் மறுநாள், அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் அது முதலிடம் பெற்று நான்கு வாரம் நிலைத்தது. பிரிட்டனில் 1971 ஜனவரியில் வெளியாகி ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. பிரிந்துபோன நால்வருள் தனித்துப் பாடி முதலிடம் கண்ட முதல்வர், என்றும் பின்வரிசையில் நின்ற கடைக்குட்டியே!

பாட்டின் சமயம்

கத்தோலிக்க வாசகர் இங்கே ஓர் ஐயம் எழுப்பலாம். எபிரேய மொழியில் ‘ஆண்டவரைப் புகழுங்கள்’ என்று பொருள்படும் அல்லேலூயா நம் திருவழிபாட்டின் சொல். பாஸ்குக் காலத்தின் வெற்றி முழக்கம். பாட்டில் அது முதலில் ஒலிக்கிறது. பின்னணிக் குரல்கள் சற்றுநேரத்தில் இந்து சமய மந்திரங்களுக்கு மாறுகின்றன. இரண்டும் ஒன்றையே குறிக்கின்றன என்று காட்டவே இவ்வாறு அமைத்ததாக ஹாரிசன் பிற்காலத்தில் விளக்கினார்.

இதை நாம் எவ்வாறு மதிப்பது? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28ஆம் நாள் வெளியிட்ட ஏட்டில், பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக விளங்கும் எதையும் திருச்சபை வெறுத்து ஒதுக்குவதில்லை என்று கற்பித்துள்ளது. அதே ஏடு, வழியும் உண்மையும் வாழ்வுமான கிறிஸ்துவை இடைவிடாது அறிவிக்கும் கடமையையும் நினைவூட்டுகிறது. ஆகவே எல்லாப் பெயரும் ஒன்றே என்னும் ஹாரிசனின் முடிபை நாம் ஏற்பதற்கில்லை. ஆனால் அப்பாட்டில் துடிக்கும் ஏக்கத்தை இகழ்வதற்குமில்லை. இளைஞர் இசையில் கேளிக்கையும் காதலும் மலிந்திருந்த காலத்தில், ‘இறைவனைக் காண வேண்டும்’ என்று ஒருவர் வெட்கமின்றிப் பாடினார், மக்களும் செவிமடுத்தனர். இது சிறிய செய்தி அன்று.

மறைந்த இளைஞரின் மெட்டு

ஆனால் பாட்டைக் கேட்ட பலருக்கு மற்றொரு நினைவும் எழுந்தது. ‘இம்மெட்டை எங்கோ கேட்டிருக்கிறோமே!’

ஆம், கேட்டிருந்தனர். 1963ஆம் ஆண்டு ‘சிஃபான்ஸ்’ என்னும் நியூயார்க் நகரத்துக் கறுப்பினப் பெண்கள் குழு ‘ஹீ இஸ் ஸோ ஃபைன்’ என்னும் காதற்பாட்டைப் பாடியிருந்தது. அது அமெரிக்காவில் நான்கு வாரம் முதலிடம் பெற்ற பாட்டு. அதை இயற்றியவர் ரானி மேக் என்னும் இளைஞர். தம் பாட்டு நாடெங்கும் ஒலித்த அதே ஆண்டிலேயே அவர் நோய்வாய்ப்பட்டு மறைந்தார். வெற்றியின் கனியை அவர் நெடுநாள் சுவைக்கவில்லை. பாட்டின் உரிமை ‘பிரைட் டியூன்ஸ்’ என்னும் சிறிய இசை வெளியீட்டு நிறுவனத்திடம் இருந்தது.

1971 பெப்ருவரி 10ஆம் நாள் அந்நிறுவனம் ஹாரிசன் மீது வழக்குத் தொடுத்தது. பிரிட்டனில் அவர் பாட்டு முதலிடத்தில் வீற்றிருந்த நேரம் அது. புகழின் உச்சியில் நிற்கும்போதே நீதிமன்றத்தின் அழைப்பும் வந்தது.

நீதிபதியின் செவி

பல காரணங்களால் நீண்ட வழக்கு, 1976 பெப்ருவரியில் நியூயார்க் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. நீதிபதி ரிச்சர்ட் ஓவன் சட்டம் மட்டும் கற்றவர் அல்லர், இசைநாடகங்கள் இயற்றியவர். எனவே சுரம் சுரமாகப் பாட்டைப் பிரித்துப் பார்த்தார்.

அவர் கண்டதை நம் சுரங்களில் சொன்னால் எளிதில் விளங்கும். பழைய பாட்டில் ‘ப க ரி’ என்னும் சிறு பிடி நான்கு முறை வருகிறது. அடுத்து ‘ப த ஸ த ஸ’ என்னும் பிடி நான்கு முறை வருகிறது. அப்பிடி திரும்ப வரும் ஓரிடத்தில் ஒரு சிறிய அலங்காரச் சுரமும் சேர்கிறது. ஹாரிசனின் பாட்டிலோ முதற்பிடி அதேபோல் நான்கு முறை. இரண்டாம் பிடி மூன்று முறை. நான்காம் முறைக்கு மாற்றாக ஏறத்தாழ அதே நீளத்தில் வேறோர் இசைத்துணுக்கு. அந்த அலங்காரச் சுரமும் அதே இடத்தில் தவறாது வருகிறது. இப்பிடிகள் தனித்தனியே எவரும் கையாளக்கூடியவை; ஆனால் இரண்டும் இவ்வரிசையில், இத்தனை முறை அடுத்தடுத்து வருவது மிக அரிது என்பதை இசை வல்லுநர்களும் ஒப்பினர்.

‘நான் அந்தப் பாட்டை நினைத்து இதை அமைக்கவில்லை’ என்பதே ஹாரிசனின் நிலை. பழைய பாட்டைக் கேட்டதே இல்லை என்று அவர் சாதிக்கவுமில்லை. சாதிக்கவும் முடியாது. 1963 ஜூன் முதல் நாள் அப்பாட்டு பிரிட்டனின் பட்டியலில் 12ஆம் இடத்தில் இருந்ததையும், அன்று முதலிடத்தில் இருந்தது பீட்டில்ஸ் பாட்டே என்பதையும் தீர்ப்பு சுட்டிக்காட்டுகிறது.

1976 ஆகஸ்டு 31ஆம் நாளிட்ட தீர்ப்பு இரண்டு கூறுகளை உடையது. ஹாரிசன் வேண்டுமென்றே மெட்டைத் திருடினார் என்று தாம் நம்பவில்லை என்றார் நீதிபதி. இனிய சுரவரிசையைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஒரு வரிசை கேட்போரைக் கவரும் என்று அவருடைய அடிமனம் அறிந்துகொண்டது. ஏனெனில் மேல்மனம் மறந்துவிட்ட ஒரு பாட்டில் அது முன்னரே கவர்ந்திருந்தது. இதுவே நீதிபதி கண்ட விளக்கம். ஆயினும் இரண்டும் ஒரே பாட்டே. எனவே சட்டப்படி உரிமை மீறல் நிகழ்ந்துவிட்டது. அறியாமல் நிகழ்ந்ததாலேயே அது மீறல் அன்று என்றாகிவிடாது. இது இரண்டாம் கூறு.

இத்தீர்ப்பை எல்லாரும் ஏற்றுக்கொண்டனர் என்பதற்கில்லை. பழைய தோழர் ஜான் லெனனே, ஹாரிசன் அறிந்தே இருக்க வேண்டும் என்னும் பொருள்பட 1980இல் ஒரு பேட்டியில் பேசினார். நெஞ்சின் ஆழத்தை அறிபவர் யார்? நீதிபதி தம் முன் வைக்கப்பட்ட சான்றுகளைக் கொண்டு தீர்ப்பளித்தார். அதற்கு மேல் அறிபவர் ஆண்டவர் ஒருவரே.

இடையில் புகுந்த பேராசை

கதை இத்துடன் முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். அறியாமல் எடுத்ததைவிட இழிவான செயல் ஒன்று இனித்தான் வருகிறது.

வழக்கு தொடங்கியபோது ஹாரிசனின் வணிக அலுவல்களைக் கவனித்தவர் ஆலன் கிளைன் என்பவர். வழக்கைச் சமாதானமாக முடிக்க ஹாரிசன் சார்பில் எதிர்த்தரப்போடு பேசியவரும் அவரே. 1973இல் அவருக்கும் ஹாரிசனுக்கும் இருந்த தொடர்பு அறுந்தது. பின்னர் அவர், தாம் யாருக்கு எதிராகப் பேசினாரோ அந்த ‘பிரைட் டியூன்ஸ்’ நிறுவனத்தின் உரிமைகளைத் தாமே விலைக்கு வாங்க முற்பட்டார். ஹாரிசனின் பாட்டு ஈட்டிய வருவாய் பற்றித் தம்மிடமிருந்த விவரங்களையும் அந்நிறுவனத்திற்குத் தெரிவித்தார். 1976 ஜனவரியில் 1,48,000 டாலர் தந்து வழக்கை முடித்துக்கொள்ள ஹாரிசன் தரப்பு முன்வந்தபோது, நிறுவனம் அதற்கு இணங்கவில்லை. 1978இல் கிளைனின் நிறுவனம் 5,87,000 டாலர் கொடுத்து அவ்வுரிமைகளை வாங்கிற்று. நேற்றுவரை ஹாரிசனின் காவலராய் இருந்தவரே இன்று ஹாரிசனிடம் நட்டஈடு கேட்கும் வாதியானார்!

1981இல் நீதிபதி ஓவன் கணக்கைத் தீர்த்தார். பாட்டு ஈட்டிய வருவாயில் முக்கால் பங்கு மெட்டினால் வந்தது; எஞ்சிய கால் பங்கு பாட்டின் சொற்களாலும் ஹாரிசனின் புகழாலும் வந்தது என்று பகுத்தார். அவ்வாறு மெட்டுக்கு உரியதாய்க் கண்ட தொகை 15,99,987 டாலர். ஆயினும் நம்பிக்கைக்குரிய இடத்திலிருந்தவர் அந்நம்பிக்கையை விற்று ஆதாயம் பெறலாகாது என்று கூறி, கிளைன் தாம் கொடுத்த 5,87,000 டாலரும் வட்டியுமே பெறலாம், அதற்கு மேல் ஒரு காசும் பெறலாகாது என்று விதித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றமும் 1983இல் இதனை உறுதிசெய்தது. வழக்கின் கிளைகளோ 1990களிலும் ஓயவில்லை.

பாவம் வேறு, கடன் வேறு

அன்பார்ந்த வாசகர்களே, முதலில் எழுப்பிய வினாவுக்கு இப்போது வருவோம்.

சாவான பாவம் ஆவதற்குக் கனமான காரியமும், முழு அறிவும், முழுச் சம்மதமும் வேண்டும் என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். அறியாமல் எடுத்தவனிடம் அறிவும் இல்லை, சம்மதமும் இல்லை. ஆகவே களவு என்னும் பாவம் அவனிடம் இல்லை. இதைக் கேட்டவுடன் நம்மில் பலர் பெருமூச்சு விட்டு, ‘அப்படியானால் காரியம் முடிந்தது’ என்று எழுந்துவிடுவோம். ஆனால் திருச்சபையின் அறநூல் அத்துடன் நிற்பதில்லை.

பிறர் பொருளை நல்லெண்ணத்தோடு தன்னதென்று வைத்திருப்பவன், உண்மை தெரிந்த நாள் முதல் அதை உரியவனுக்குத் திருப்பித்தரக் கடமைப்பட்டவன். பொருள் செலவாகிவிட்டிருந்தால், அதனால் அவன் எவ்வளவு செல்வம் மிகுந்தவன் ஆனானோ அவ்வளவுக்கு ஈடுசெய்ய வேண்டும். பாவம் வேறு, கடன் வேறு. பாவம் இல்லாமலும் கடன் இருக்கலாம். நியூயார்க் நீதிபதி மெட்டினால் வந்த ஆதாயம் இவ்வளவு, பாடியவரின் சொந்த உழைப்பால் வந்தது இவ்வளவு என்று பகுத்தபோது, நம் அறநூல் ஆசிரியர்கள் நெடுங்காலமாகக் கற்பித்ததையே வேறு மொழியில் கூறினார் எனலாம்.

விவிலியமும் இதற்குச் சான்று. லேவியராகமத்தின் ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஆண்டவருக்கு உரிய பொருள்களில் ஒருவன் அறியாமல் தவறிழைத்துவிட்டால், பலி செலுத்துவதோடு அமையாது, இழப்புக்கு ஈடும், அதனோடு ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று அங்கே விதிக்கப்பட்டிருக்கிறது. சங்கீத ஆசிரியரோ தமக்கே தெரியாத மறைவான குற்றங்களிலிருந்து தம்மைத் தூய்மையாக்குமாறு ஆண்டவரை இறைஞ்சுகிறார். புனித லூக்காஸ் நற்செய்தியில் வரும் சக்கேயு, அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித்தர முன்வந்தபோதுதான், அவ்வீட்டுக்கு மீட்பு உண்டாயிற்று என்றார் இயேசுநாதர்.

இன்னொன்றும் கூற வேண்டும். இந்தப் பாட்டைப் பற்றித் தாம் வருந்தவில்லை என்றும், அது போதைக்கு அடிமையான பலரின் உயிரைக் காத்தது என்றும் ஹாரிசன் தம் நூலில் எழுதினார். அதை மறுப்பதற்கு நமக்குக் காரணமில்லை. 1971 ஆகஸ்டு முதல் நாள் நியூயார்க்கின் மாடிசன் சதுக்க அரங்கில், ரவிசங்கரின் வேண்டுகோளுக்கிணங்கி, வங்காளதேச அகதிகளின் துயர் துடைக்க இரு இசை நிகழ்ச்சிகளை அவர் நடத்தினார். அங்கேயும் இப்பாட்டு ஒலித்தது. நுழைவுச் சீட்டுகளால் வந்த ஏறத்தாழ 2,43,000 டாலர் ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதிக்குச் சென்றது. நற்கனி தந்த மரம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் கனி நன்றாயிருப்பதால் நிலத்துக்காரனுக்குரிய குத்தகை தீர்ந்துவிடுமா? இங்கேதான் நல்லவர்கள் பலரும் இடறுகின்றனர். ‘கோயில் காரியத்திற்காகத்தானே செய்தேன், ஏழைகளுக்காகத்தானே எடுத்தேன், ஆண்டவர் புகழுக்காகத்தானே பாடினேன்’ என்று கூறி, பிறர் உழைப்பின் கடனை ஆண்டவர் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். ஆண்டவர் அப்படிப்பட்ட காணிக்கையைக் கேட்கவில்லை. ரானி மேக் என்னும் இளைஞர் எழுதியது காதற்பாட்டே. ஹாரிசன் பாடியது இறைவேட்கைப் பாட்டே. ஆயினும் காதற்பாட்டின் மெட்டுக்கு உரியவர் உரியவரே. புனிதமான நோக்கம் பிறர் உரிமையை விழுங்கிவிடாது.

பெயரைச் சொல்லும் நன்றி

இவ்வழக்கு நம் இல்லத்திற்கு எவ்வளவோ தூரமானது என்று எண்ணவேண்டாம். நம் நினைவு ஒரு களஞ்சியம். அதில் எவர் எவரோ விதைத்த விதைகள் கிடக்கின்றன. வீட்டில் தாத்தா சொன்ன அறிவுரையை நம் அறிவுரையாகப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அலுவலகத்தில் உடன் உழைப்பவர் என்றோ கூறிய யோசனையை, நாமே கண்டதாக நம்பி மேலதிகாரியிடம் கூறிப் பாராட்டுப் பெறுகிறோம். பள்ளியில் பிள்ளைகள் எங்கோ படித்ததைத் தம் கட்டுரையாக எழுதுகின்றனர். பங்குப் பாடகர் குழு பிறர் இயற்றிய பாட்டைப் படியெடுத்து, இயற்றியவர் பெயரை விட்டுவிடுகிறது. பெரும்பாலும் எவரும் கெட்ட எண்ணத்தோடு இவற்றைச் செய்வதில்லை. மறதி செய்கிறது, ஆனால் கடன் நம்முடையதே.

ஆகவே இரண்டு பழக்கங்களை நாம் கைக்கொள்ளலாம். ஒன்று, ‘இது உன்னுடையது அன்று’ என்று யாரேனும் சுட்டிக்காட்டும்போது சீறி எழாமல் நின்று ஆராய்வது. நம் நேர்மையை ஐயுறுகிறார்கள் என்று எண்ணிச் சினப்பதனால் கடன் தீர்வதில்லை. மற்றொன்று, பெற்றதை எவரிடமிருந்து பெற்றோமோ அவர் பெயரை வாய்விட்டுச் சொல்வது. பெற்றுக்கொள்ளாதது உன்னிடம் என்ன உண்டு என்னும் கருத்துப்படப் புனித சின்னப்பர் கொரிந்தியரைக் கேட்ட வினா, செருக்கை அறுக்கும் வாள். பெற்றோம் என்று உணர்பவனே நன்றி கூறுவான். நன்றி கூறுபவனே திருப்பித்தருவான்.

ஹாரிசன் அந்த வழக்கையே நகையாடும் பாட்டு ஒன்றை 1976இல் வெளியிட்டார். ஆனால் காலம் நகைப்பையும் கனியவைத்தது. நோயின் நிழலில் வாழ்ந்த இறுதி ஆண்டுகளில், 2000இல், ‘மை ஸ்வீட் லார்ட்’ பாட்டை மீண்டும் பாடிப் பதிவு செய்தார். இம்முறை வழக்கிற்குள்ளான சுரங்களிலிருந்து விலகி, மெட்டை வளைத்து வேறு வழியில் நடத்திச் சென்றார். முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் அந்த ஆண்டவரையே அவர் பாடினார். 2001 நவம்பர் 29ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் புற்றுநோயால் அவர் உயிர்நீத்தார். 2002 ஜனவரியில் அவருடைய பழைய தட்டு மீண்டும் வெளியிடப்பட்டு, பிரிட்டனில் மறுபடியும் முதலிடம் பெற்றது.

இன்றும் அப்பாட்டு எங்கேனும் ஒலிக்கக் கேட்டால், இறைவனைக் காணத் துடித்த ஜார்ஜ் ஹாரிசனின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒரு சிறு செபம் சொல்லுங்கள். அதோடு நில்லாமல், உலகம் பெரும்பாலும் மறந்துவிட்ட ரானி மேக் என்னும் இளைஞருக்காகவும் ஒரு செபம் சொல்லுங்கள். அவருக்கு நாம் செலுத்தக்கூடிய கடன் அதுவே. நாம் யார் யாரிடமிருந்து என்னென்ன பெற்றோம் என்பது நம் நினைவிலிருந்து நழுவினாலும், எல்லார் கணக்கையும் மறவாது வைத்திருக்கும் ஆண்டவர் ஒருவர் இருக்கிறார். அவர் முன் நிற்கும் நாளில் நம் கைகள் கடன்படாத கைகளாய் இருக்க அவரே அருள்வாராக!